189-க்கு காத்திருக்கலாமா, 491 வந்தா வாங்கிக்கலாமா: ஆஸ்திரேலியா பிஆர் போடப் போறவங்களுக்கு ஒரு கணக்கு

ஆஸ்திரேலியா பிஆர் (நிரந்தரமா தங்கற அனுமதி) போடப் போறேன்னு யாராவது சொன்னா அடுத்த கேள்வி "பாயிண்ட் எவ்ளோ வருது?"ன்னு தான் இருக்கும். எண்பதுன்னோ எண்பத்தஞ்சுன்னோ ஒரு நம்பர் வரும், கேட்டவரு பரவால்லையேன்னு சொல்லுவாரு, அத்தோட ரெண்டு பேரும் நிம்மதியாயிடுவாங்க. ஆனா வயசு, படிப்பு, இங்கிலீஷ், அனுபவம்னு ஒவ்வொண்ணுக்கும் குடுக்கற மார்க்கைக் கூட்டின அந்த நம்பர் பாதி விஷயம் தான். அதே 85 ஒரு நர்ஸ் கையில இருந்தா அருமையான ஸ்கோர், சாஃப்ட்வேர் ஆள் கையில இருந்தா வரிசையில நடுவுல எங்கயோ நிக்கிற ஸ்கோர். அதைவிட முக்கியம், அந்த நம்பர் நிலையா நிக்கிறதே இல்ல, பிறந்தநாள் வந்தா இறங்கும், டெஸ்ட் ரிசல்ட் காலாவதியானா இறங்கும், அனுபவம் கூடினா சில நேரம் ஏறும். அதனால 189, 190, 491-ங்கற மூணு விசாவுல எதுக்குப் போறதுன்னு முடிவு பண்றவங்க பாயிண்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி காலண்டரைப் பார்க்கணும்ங்கறது என் கட்சி.

நான் திருச்சிக்காரி, சிவில் இன்ஜினியர், இப்போ அடிலெய்ட்ல இருக்கேன். சொந்தக்காரங்க, காலேஜ் ஜூனியர்ஸ்னு வாட்சப்ல கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பறதுக்கு பதிலா ஒரேயடியா எழுதிடலாம்னு உட்கார்ந்தேன். ஃபீஸ் வருஷா வருஷம் ஜூலைல மாறும், கட் ஆஃப் ரவுண்டுக்கு ரவுண்டு மாறும், அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடி ஹோம் அஃபேர்ஸ் (ஆஸ்திரேலிய உள்துறை) சைட்ல ஒருக்கா பாத்துக்கோங்க.

என் சித்தி பையனுக்குப் போட்ட கணக்கையே எடுத்துக்கறேன், ஏன்னா நம்ம ஆளுங்கள்ல பாதி பேர் கிட்டத்தட்ட அதே நிலைமையில தான் இருக்காங்க. வயசு 31, பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், சென்னையில 8 வருஷ வேலை. கல்யாணமாகி ஒரு குழந்தை. மனைவி பி.டெக் ஐடி, நாலு வருஷம் டெஸ்டிங்ல இருந்துட்டு குழந்தை பொறந்தப்புறம் வேலைய விட்டவங்க.

வயசுக்கு 30, 25-ல இருந்து 32 வரைக்கும் அது தான் உச்சம். டிகிரிக்கு 15. இங்கிலீஷ் டெஸ்ட்ல சுப்பீரியர்ங்கற உச்ச லெவல் வாங்கிட்டா 20. அனுபவம் 8 வருஷம்னா 15 வரும்னு அவன் நினைச்சுட்டு இருந்தான், வராது. ஐடி ஆளுங்களோட படிப்பையும் அனுபவத்தையும் மதிப்பிடற ஏசிஎஸ் அசெஸ்மென்ட்ல வேலைக்கு நெருக்கமான டிகிரியா இருந்தாலே முதல் 2 வருஷத்தைக் கழிச்சிருவாங்க, மிச்சம் 6 வருஷம் தான் கணக்கு, அதுக்கு 10. ஆக மொத்தம் 75. மனைவி இங்கிலீஷ்ல காம்பிடென்ட் லெவல் காட்டினா 5 கூடி 80. அவங்களுக்கும் தனியா ஸ்கில் அசெஸ்மென்ட் வாங்கிட்டா அந்த 5 போயி 10 வரும், அப்போ 85. மொழிபெயர்ப்பாளர்களுக்கு சான்று குடுக்கற நாட்டிங்கற அமைப்பு நடத்தற சிசிஎல் டெஸ்ட் தமிழ்லயே இருக்கு, அது பாஸ் பண்ணா இன்னும் 5, 90. கல்யாணமாகாதவங்களுக்கு அந்தப் பார்ட்னர் 10 பாயிண்ட் சும்மாவே கிடைக்கும், இதைக் கேட்டுட்டு அவன் மனைவி முறைச்சது தனிக் கதை.

இப்போ காலண்டரைப் பாருங்க. அவனுக்கு 33 ஆனதும் வயசுல 5 குறையும். அதே நேரத்துல அனுபவம் 10 வருஷம் ஆகி, கழிவு போக 8 வருஷம் நின்னு, அங்க 5 கூடும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கும். அதாவது ரெண்டு வருஷம் பொறுத்தா ஸ்கோர் நல்லா ஏறிடும்னு அவன் நம்பிட்டு இருந்ததுல ஒரு பாயிண்ட் கூட லாபம் இல்ல, நடுவுல இங்கிலீஷ் ரிசல்ட் பழசாகும், ஏசிஎஸ் லெட்டர் காலாவதியாகும். அதோட வெளிநாட்டு அனுபவத்தை கடைசி 10 வருஷத்துக்குள்ள மட்டும் தான் எண்ணுவாங்க, ரொம்ப பழைய வேலையை இழுத்துட்டு வர முடியாது. 40 தாண்டினா வயசு பாயிண்ட் 15-க்கு விழுந்துரும், 45 ஆயிட்டா இந்த வழியே மூடிரும். பாயிண்ட், வயசு எல்லாமே விசாவுக்கு அப்ளை பண்ணச் சொல்லி அழைப்பு வர்ற அன்னிக்கு என்னவோ அது தான் கணக்கு, நீங்க இஓஐ (விருப்பம் தெரிவிக்கற ஃபார்ம்) போட்ட தேதி இல்ல. இதை நிறைய பேர் தப்பா புரிஞ்சு வெச்சிருக்காங்க.

சரி, இப்போ மூணு விசாவுக்கு வருவோம். 189-ங்கறது யாரோட தயவும் இல்லாம நேரடியா பிஆர். எந்த ஊர்ல வேணா இருக்கலாம், எந்த மாநிலத்துக்கும் வாக்குக் குடுக்க வேண்டாம். எல்லாருக்கும் இது தான் வேணும், அது தான் பிரச்சனையும். 2024-25 திட்டத்துல 189-க்கு ஒதுக்குன இடம் 16,900, மாநிலம் பரிந்துரைக்கற நாமினேஷனுக்கு 33,000, பெருநகரங்களுக்கு வெளியில உள்ள ரீஜனலுக்கு 33,000. உலகம் பூரா இருந்து ஆளுங்க முட்டுறது அந்த சின்னக் கதவுல. போதாததுக்கு அழைப்பு அனுப்பற ரவுண்டு எப்போ நடக்கும்னு முன்கூட்டியே சொல்றதும் இல்ல, சில நேரம் மாசக்கணக்கா சத்தமே இருக்காது, திடீர்னு ஒருநாள் ஆயிரக்கணக்குல அழைப்பு போகும். அதுலயும் எல்லா தொழிலையும் ஒரே தராசுல நிறுத்தறதில்ல, கொத்தனார், தச்சர் மாதிரி கட்டுமான வேலைக்காரங்களுக்கு குறைஞ்சபட்ச 65-லயே அழைப்பு வந்திருக்கு, ஹெல்த், டீச்சிங் ஆளுங்களுக்கும் நல்ல முன்னுரிமை, ஐடி ஆளுங்களும் அக்கவுண்டன்ட்டுகளும் தான் உச்சாணியில அடிச்சுக்கறாங்க. சித்தி பையனுக்கு நான் சொன்னது, 189-க்கு இஓஐ போட்டு வை, காசு இல்ல, ரெண்டு வருஷம் அது பாட்டுக்கு இருக்கும், ஆனா அதை நம்பி வேற எதையும் நிறுத்தி வைக்காத. லாட்டரி சீட்டு மாதிரி பர்ஸ்ல கிடக்கட்டும்.

190 வந்தா அதுவும் நேரடி பிஆர் தான், கூட 5 பாயிண்ட். ஆனா ஒரு மாநிலம் உங்களைத் தேர்ந்தெடுக்கணும். இங்க தான் வேலை அதிகம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். விக்டோரியாவுக்கு இஓஐ போட்டா மட்டும் பத்தாது, அந்த மாநிலத்துக்கிட்டயே விருப்பம் தெரிவிக்கற ஆர்ஓஐன்னு ஒண்ணு தனியா போடணும். கான்பெராவுக்கு அவங்களே ஒரு மேட்ரிக்ஸ் வெச்சு தனி மார்க் போடுவாங்க. வேற சில மாநிலங்கள் நீங்க ஏற்கனவே அங்க குடியிருந்து வேலை பார்க்கணும்னு எதிர்பார்க்கும், சென்னையில உட்கார்ந்துட்டு போடறவங்களுக்கு அந்த லிஸ்ட்ல பாதி அடைபட்டிருக்கும். ஜூலைல நிதியாண்டு மாறினதும் ஒதுக்கீடு வந்து சேர்ந்து மாநிலங்கள் கதவைத் திறக்கறதுக்கே சில மாசம் ஆயிரும், அப்புறம் இடம் நிரம்பினா மூடிருவாங்க. நாமினேஷன் குடுத்த மாநிலத்துல ரெண்டு வருஷம் இருப்பேன்னு ஒத்துக்கணும். விசாவுல கண்டிஷனா அச்சடிச்சிருக்க மாட்டாங்க, அதனால "அதெல்லாம் சும்மா, இறங்கினதும் சிட்னிக்கு போயிடலாம்"னு சொல்ற அண்ணனுங்க ஊருக்கு நாலு பேர் இருப்பாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கையெழுத்து போட்டுட்டு வந்திருக்கோம், அடுத்து வர்றவங்க பேரும் இதுல தான் இருக்கு.

491 தான் நான் நிறைய பேசணும்னு நினைக்கறது, ஏன்னா இதைப் பத்தி நம்ம ஆளுங்க மத்தியில ஒரு இளக்காரம் இருக்கு. "ப்ரொவிஷனல் தானே, பிஆர் இல்லையே, காட்டுக்குள்ள போயி உட்காரணுமே." ரீஜனல்னா காடு இல்லீங்க. 2019 நவம்பர்ல இந்த விசா வந்ததுல இருந்து சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் இந்த மூணு பெருநகரப் பகுதியைத் தவிர மிச்சம் எல்லாமே ரீஜனல் தான். பெர்த், அடிலெய்ட், கான்பெரா, கோல்ட் கோஸ்ட், நியூகாசில், ஹோபார்ட் எல்லாம் அதுல வரும். நான் இருக்கற சபர்ப்ல இருந்து பத்து நிமிஷ டிரைவ்ல இட்லி அரிசியும் முருங்கைக்காயும் கிடைக்குது, தமிழ்ப் பள்ளி இருக்கு, பொங்கலுக்கு வாழைமரம் கட்டற கூட்டமும் இருக்கு.

491-க்கு மாநில நாமினேஷன்ல 15 பாயிண்ட் கூடும். சித்தி பையன் 90-ல இருந்து 105 ஆயிடறான், சிசிஎல் இல்லாமலே 100. விசா 5 வருஷத்துக்கு, ரீஜனல் பகுதியில தான் இருக்கணும், வேலை பார்க்கணும், படிக்கணும், இது 190 மாதிரி வெறும் வாக்குறுதி இல்ல, விசாவோட கண்டிஷனே. மூணு வருஷம் இருந்து, மூணு வருஷத்து டேக்ஸ் நோட்டீஸ் காட்டினா 191-ன்னு பிஆர். மெடிகேர்ங்கற அரசு மருத்துவ வசதி 491-லயே கிடைக்கும்.

இதுல எல்லாரும் கவனிக்காம விடற ஒரு கணக்கு இருக்கு. சிட்டிசன்ஷிப்புக்கு சட்டப்படி 4 வருஷம் ஆஸ்திரேலியாவுல இருந்திருக்கணும், அதுல கடைசி 12 மாசம் பிஆரா இருந்திருக்கணும். 491-ல இருந்த மூணு வருஷமும் அந்த நாலுல சேரும். ஆக 189-ல வந்தவர் 4 வருஷத்துல போடற சிட்டிசன்ஷிப்பை 491-ல வந்தவர் 4 வருஷத்தோட 191 ப்ராசஸ் ஆகற நேரத்தையும் சேர்த்து போடுவாரு. வித்தியாசம் அவ்ளோ தான். 189 வரும்னு ரெண்டு வருஷம் சென்னையிலயே உட்கார்ந்திருந்தவரை விட, இந்த வருஷமே 491-ல கிளம்பினவர் முன்னாடி போயிருவாரு.

கஷ்டம் இல்லாம இல்ல. சொல்லிடறேன். 491 வாங்கிட்டா மூணு வருஷம் ஆகறதுக்கு முன்னாடி 189, 190, எம்ப்ளாயர் ஸ்பான்சர் பண்ற 186 எதுவும் போட முடியாது, அதனால "முதல்ல 491-ல உள்ள போயிடுவோம், அப்புறம் 190 வந்தா மாறிக்கலாம்"ங்கற பிளான் வேலைக்கு ஆகாது. வேலை விளம்பரங்கள்ல பிஆர் இல்ல சிட்டிசன் மட்டும்னு போட்டிருந்தா உங்க ரெஸ்யூமே ஓரமா போயிரும், கான்பெராவுல கவர்ன்மென்ட் சம்பந்தப்பட்ட ஐடி வேலை நிறைய இருந்தாலும் பலதுக்கு சிட்டிசன்ஷிப் வேணும். வீடு வாங்கற ஆசை இருந்தா இன்னொரு இடி, 491 டெம்பரரி விசாங்கறதால நீங்க ஃபாரின் பர்சன் கணக்குல வர்றீங்க, 2025 ஏப்ரல் 1-ல இருந்து 2027 மார்ச் 31 வரைக்கும் ஃபாரின் பர்சன்ஸ் பழைய வீடு வாங்கத் தடை போட்டிருக்காங்க. ஐடியில நல்ல சம்பளம், மேல ஏறற வாய்ப்பு எல்லாம் சிட்னி மெல்போர்ன்ல தான் குவிஞ்சு கிடக்கு, அதை மூணு வருஷம் தள்ளிப் போடறோம்ங்கறது நிஜமான விலை. சிவில், நர்ஸிங், ஏஜ்டு கேர், டீச்சிங்னா அந்த விலை ரொம்ப கம்மி, எங்க துறையில அடிலெய்ட்லயும் பெர்த்லயும் வேலைக்குப் பஞ்சம் இல்ல.

அதனால என் தீர்ப்பு ஆளுக்கு ஆள் மாறும். நர்ஸ், டீச்சர், சிவில்னா 189-ம் 190-ம் போட்டுட்டு கொஞ்ச நாள் பொறுமையா இருக்கலாம், சான்ஸ் நல்லா இருக்கு. ஐடி, வயசு 30 தாண்டியாச்சு, ஸ்கோர் 80-85ன்னா 190 வந்தா கண்ணை மூடிட்டு எடுங்க, 491 வந்தா வீட்டுல ஒரு ராத்திரி பேசிட்டு எடுங்க. வயசு 26, தனி ஆள், 10 பாயிண்ட் சும்மா வருதுன்னா அவசரமே இல்ல, அனுபவம் கூடக் கூட ஸ்கோர் ஏறிட்டே தான் இருக்கும், வயசுல இறங்க இன்னும் ஏழு வருஷம் இருக்கு.

ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம், ஒரே இஓஐல மூணு விசாவையும் டிக் பண்ணாதீங்க. ஒண்ணுக்கு அழைப்பு வந்தா அந்த இஓஐ அப்படியே முடங்கிரும், மத்ததுக்கு வர வேண்டியது வராம போகும். தனித்தனியா போடுங்க, அதுக்கு காசு ஒண்ணும் கிடையாது.

எம்ப்ளாயர் ஸ்பான்சர் வழியும் இருக்கு, 2024 டிசம்பர்ல பழைய 482-வை மாத்தி ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்னு பேர் வெச்சிருக்காங்க, ஒரு வருஷ அனுபவம் போதும், ரெண்டு வருஷம் வேலை பார்த்தா 186 பிஆருக்கு வழி இருக்கு, பாயிண்ட் கணக்கே கிடையாது. உங்க கம்பெனிக்கு ஆஸ்திரேலியாவுல கிளையண்ட் இருந்து உங்களை அனுப்பத் தயார்னா இது தான் எல்லாத்தையும் விட சீக்கிரம். அப்படி இல்லாம சென்னையில இருந்து ஸ்பான்சர் தேடறது ரொம்ப கஷ்டம், ஸ்பான்சர் வாங்கித் தர்றேன், இவ்ளோ லட்சம் குடுன்னு எவனாவது வந்தா ஓடிருங்க, ஸ்பான்சர்ஷிப்பை விக்கறதும் வாங்கறதும் அங்க சட்டப்படி குற்றம்.

இனி தயாரிப்புல எதை முதல்ல செய்யறது. இங்கிலீஷ் முதல்ல. ஏன்னா சுப்பீரியருக்கும் அதுக்கு ஒரு படி கீழ இருக்கற ப்ரொஃபிஷியன்ட்டுக்கும் நடுவுல 10 பாயிண்ட், வேற எதுவும் இவ்ளோ சீக்கிரத்துல இவ்ளோ பாயிண்ட் தராது, ரிசல்ட் மூணு வருஷம் செல்லும். அதோட இன்ஜினியர்களை மதிப்பிடற இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியால அசெஸ்மென்ட்டுக்கே இங்கிலீஷ் ஸ்கோர் கேப்பாங்க.

பிடிஇயா ஐஇஎல்டிஎஸ்ஸா? ரொம்ப நாளா நம்ம ஆளுங்க எல்லாரும் கண்ணை மூடிட்டு பிடிஇ தான், நாலுலயும் 79 எடுத்தா சுப்பீரியர், கம்ப்யூட்டர் மார்க் போடறதால டெம்ப்ளேட் மனப்பாடம் பண்ணிட்டுப் போயி தட்டிட்டு வந்துருவாங்க. 2025 ஆகஸ்ட் 7-ல இருந்து அது மாறிப்போச்சு. இப்போ சுப்பீரியருக்கு லிசனிங் 69, ரீடிங் 70, ரைட்டிங் 85, ஸ்பீக்கிங் 88. கேக்கறதும் படிக்கறதும் சுலபமாச்சு, பேசறதும் எழுதறதும் இறுகிப்போச்சு. அந்தத் தேதிக்கு முன்னாடி எழுதினவங்களுக்கு பழைய 79 அப்படியே செல்லும், அதை வெச்சிருக்கவங்க பத்திரமா வெச்சுக்கோங்க. ஐஇஎல்டிஎஸ்ல அதே பழைய 8, நாலுலயும் 8, அதுல ரைட்டிங் 8 எடுக்கறது தான் பெரிய மலை. ரெண்டுக்கும் ஃபீஸ் பதினெட்டாயிரம் ரூபா பக்கம்.

என் அபிப்ராயம், வேகமா தங்குதடை இல்லாம பேச வர்றவங்களுக்கு இன்னமும் பிடிஇ தான் லாபம், ரெண்டு மூணு நாள்ல ரிசல்ட் வந்துரும், மறுபடி உடனே எழுதலாம். ஆனா ஒண்ணு, பிடிஇ ஹால்ல பத்து பன்னெண்டு பேர் ஒரே நேரத்துல மைக்ல கத்திட்டு இருப்பாங்க, பக்கத்து சீட்காரர் ஒரு கிராஃபை வர்ணிச்சுட்டு இருக்கும்போது நீங்க வேற பத்தியை வாசிக்கணும், அந்த சத்தத்துல திணறி பாதியில நிறுத்தினா அந்தக் கேள்வி போச்சு. வீட்டுல டிவியை சத்தமா வெச்சுட்டு ப்ராக்டிஸ் பண்ணுங்க, சும்மா சொல்லல. ஆள் எதிர்ல உட்கார்ந்து பேசினா தான் பேச்சு வரும்ங்கறவங்க ஐஇஎல்டிஎஸ் போங்க. ப்ரொஃபிஷியன்ட் போதும்னா ஐஇஎல்டிஎஸ்ல 7 எடுக்கறது எட்டாத விஷயம் இல்ல.

சிசிஎல் பத்தி ஒரு வார்த்தை. தமிழ் தெரியும் தானே, சும்மா பாஸ் பண்ணிடலாம்னு போறவங்க தான் தோத்துட்டு வர்றாங்க. டாக்டரும் நோயாளியும், வக்கீலும் கட்சிக்காரரும் பேசற மாதிரி ரெண்டு உரையாடல் வரும், ஒருத்தர் இங்கிலீஷ், ஒருத்தர் தமிழ், நீங்க நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் மாத்திச் சொல்லணும். 90-க்கு 63 வேணும், ஒவ்வொண்ணுலயும் தனியா 29-ம் வேணும். ஆபீஸ்ல நாள் பூரா இங்கிலீஷ்ல பேசிப் பழகினவங்களுக்கு தமிழ்ப் பக்கம் தான் நாக்கு ஒட்டிக்கும். தினமும் தமிழ் நியூஸ் கேட்டு திருப்பிச் சொல்லிப் பாருங்க.

அசெஸ்மென்ட் அடுத்தது. ஐடிக்கு ஏசிஎஸ், லெட்டர் ரெண்டு வருஷம் தான் செல்லும், அதனால இங்கிலீஷ் வர்றதுக்கு முன்னாடியே இதை வாங்கி வெச்சா நாள் வீணாகும். டிகிரி வேலைக்கு சரியா பொருந்தலன்னா 2-க்கு பதிலா 4 வருஷமோ அதுக்கு மேலயோ கழிப்பாங்க, மெக்கானிக்கல் படிச்சிட்டு ஐடில இருக்கறவங்க ஆர்பிஎல்னு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதற வழியில போகணும், அதுல 6 வருஷத்துக்குக் குறையாம போயிரும். நம்ம ஊர்ல எத்தனை மெக்கானிக்கல் பசங்க ஐடில இருக்காங்கன்னு தெரியும், அவங்க எல்லாம் அனுபவத்துக்கு பாயிண்டே வராதுன்னு வெச்சுட்டு கணக்கு போடறது நல்லது.

இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியால ரெண்டு வழி. இந்தியா 2014-ல வாஷிங்டன் அக்கார்டுங்கற சர்வதேச இன்ஜினியரிங் படிப்பு ஒப்பந்தத்துல சேர்ந்துச்சு, நம்ம நாட்டு அங்கீகார அமைப்பான என்பிஏ-வோட டயர் 1 அங்கீகாரம் இருந்த பாடத்தை, அந்த அங்கீகாரம் இருந்த வருஷத்துல படிச்சிருந்தா நேரா போயிடலாம். காலேஜ் பேர் பெருசா இருந்தா மட்டும் பத்தாது, உங்க பிராஞ்ச், நீங்க முடிச்ச வருஷம் ரெண்டும் லிஸ்ட்ல இருக்கான்னு பாக்கணும். இல்லாதவங்களுக்கு சிடிஆர்னு உங்க வேலையை நீங்களே எழுதிக் காட்டற ரிப்போர்ட், மூணு கேரியர் எபிசோட், ஒவ்வொண்ணும் 1000-ல இருந்து 2500 வார்த்தை. நான் போனது இந்த வழி தான். டீம் பண்ணதை எழுதக் கூடாது, நீங்க என்ன டிசைன் பண்ணீங்க, எந்த இடத்துல என்ன முடிவு எடுத்தீங்கன்னு எழுதணும், ஒரு பாலத்தோட பைல் ஃபவுண்டேஷன்ல மண் ரிப்போர்ட்டைப் பார்த்து ஆழத்தை ஏன் மாத்தினீங்கங்கற அளவுக்கு. காசு குடுத்து சாம்பிள் வாங்கி பேரை மாத்தி அனுப்பறவங்க இருக்காங்க, சாஃப்ட்வேர்ல போட்டு காப்பி கண்டுபிடிச்சா ரிஜெக்ட் பண்றதோட நிக்காம மறுபடி அப்ளை பண்ண விடாம தடையும் போடுவாங்க.

எந்த வழியா இருந்தாலும் நாள் தின்னறது ரெஃபரன்ஸ் லெட்டர் தான். கம்பெனி லெட்டர்ஹெட்ல சேர்ந்த தேதி, பதவி, ஃபுல் டைமா, என்னென்ன வேலை செஞ்சீங்க எல்லாம் இருக்கணும். நம்ம ஊர் எச்ஆர் கிட்ட கேட்டா சர்வீஸ் லெட்டர்னு நாலு வரி குடுத்துட்டு, வேலை விவரம் போடறது பாலிசி இல்லம்பாங்க. அங்க சண்டை போட்டு நாளை ஓட்டாதீங்க, கூட வேலை பார்த்த சீனியர் இல்ல மேனேஜர் கிட்ட ஸ்டாம்ப் பேப்பர்ல டிக்ளரேஷன் வாங்கி நோட்டரி கையெழுத்து போட்டா ஏசிஎஸ் ஏத்துக்கும், கூடவே அந்த நாலு வரி சர்வீஸ் லெட்டர், பேஸ்லிப், ஃபார்ம் 16, பிஎஃப் பாஸ்புக் எல்லாம் சேர்த்துக் குடுக்கணும். அந்த சீனியர் கம்பெனி மாறிட்டாலும் பரவால்ல, நம்பர் மாத்திட்டு காணாமப் போகறதுக்கு முன்னாடி பிடிச்சிருங்க.

தமிழ்க்காரங்களுக்குன்னே ஒரு தலைவலி, பேர். மார்க்‌ஷீட்ல இனிஷியலோட ஒரு பேர், பாஸ்போர்ட்ல அப்பா பேர் சர்நேம் கட்டத்துல, பழைய பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டமே காலி, பேன் கார்டுல வேற வரிசை. பாஸ்போர்ட்ல ஒரே பேர் தான்னா அதை ஃபேமிலி நேம் கட்டத்துல போடணும். முடிஞ்சா எல்லாம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பாஸ்போர்ட்ல இனிஷியலை விரிச்சு சரி பண்ணிட்டு, ரெண்டு பேரும் ஒரே ஆள் தான்னு ஒரு அஃபிடவிட் போட்டு வெச்சுக்கோங்க. டெஸ்ட் புக் பண்ணும்போதும் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே ஒரு எழுத்து மாறாம.

மனைவிக்கோ கணவருக்கோ இங்கிலீஷ் பாயிண்ட் வேண்டாம்னு விட்டாலும் ஃபங்ஷனல் இங்கிலீஷ்ங்கறதை காட்டியே ஆகணும், இல்லன்னா ஐயாயிரம் டாலர் பக்கம் தனியா கட்டச் சொல்லுவாங்க. காலேஜ்ல முழுக்க இங்கிலீஷ் மீடியத்துல படிச்சாங்கன்னு ஒரு லெட்டர் வாங்கினா போதும், டெஸ்ட் வேண்டாம். விசா ஃபீஸ் 2025 ஜூலைல இருந்து மெயின் ஆளுக்கு 4,910 ஆஸ்திரேலியன் டாலர், துணைக்கு அதுல பாதி, குழந்தைக்கு கால் பங்கு, மூணு விசாவுக்கும் இதே கணக்கு. மூணு பேர் குடும்பம்னா எட்டாயிரத்து ஐநூறைத் தாண்டிரும், திருப்பித் தர மாட்டாங்க.

கனடா போட்டா என்னன்னு கேப்பீங்க. எக்ஸ்பிரஸ் என்ட்ரில 2025 மார்ச்ல வேலை ஆஃபருக்கு குடுத்துட்டு இருந்த பாயிண்டை எடுத்துட்டாங்க, இப்போ அழைப்பு போறதெல்லாம் அங்க ஏற்கனவே வேலை பார்த்தவங்க, மாகாண நாமினி, பிரெஞ்சு தெரிஞ்சவங்க, ஹெல்த்கேர்னு தனித்தனி வகைக்கு தான். பிரெஞ்சு ஆளுங்களுக்கு கட் ஆஃப் நானூறுக்குக் கீழ கூட போயிருக்கு, கனடா அனுபவம் இருக்கறவங்களுக்கே 2025-ல 500-க்கு மேல நின்னுச்சு. புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சு படிச்சவங்களுக்கு அது ஜாக்பாட், மத்தவங்க சென்னையில இருந்து நேரா போறது இப்போதைக்கு கஷ்டம். ஜெர்மனி வேற மாதிரி, 2024 ஜூன்ல இருந்து சான்சன்கார்ட்டேன்னு ஒரு வருஷம் அங்க போயி வேலை தேடற விசா, 6 பாயிண்ட் போதும், வயசு 35 தாண்டினவங்களும் யோசிக்கலாம், ஆனா பிளாக்டு அக்கவுண்ட்ல பதிமூணாயிரம் யூரோ பக்கம் போட்டுக் காட்டணும், ஜெர்மன் தெரியாம போயி இறங்கினா ஐடி தவிர மத்த வேலை கிடைக்கறது பெரும்பாடு. ஆஸ்திரேலியா கணக்குல 40-ஐ நெருங்கினவங்க இதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

ஏஜென்ட் வேணுமா? கேஸ் நேரா இருந்தா, ஒரே கம்பெனி, ஒரே துறை, பழைய விசா ரிஜெக்‌ஷன் எதுவும் இல்லன்னா, நீங்களே போடலாம், எல்லாம் ஆன்லைன் ஃபார்ம் தான். ரிஜெக்‌ஷன் இருக்கு, உடல்நலப் பிரச்சனை இருக்கு, வேலையில பெரிய இடைவெளி இருக்குன்னா நல்ல ஆள் தேவை. ஆஸ்திரேலியாவுல விசா ஏஜென்ட்டுகளைப் பதிவு பண்ற ஓமாரா லிஸ்ட்ல அவர் பேரும் ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரும் இருக்கான்னு நீங்களே தேடிப் பாருங்க. இந்தியாவுல உட்கார்ந்து ஆலோசனை சொல்றவங்களுக்கு அந்த ரிஜிஸ்ட்ரேஷன் கட்டாயம் இல்லங்கறதால தான் தெருவுக்குத் தெரு போர்டு மாட்டறாங்க. இன்னொண்ணு, இஓஐயை அவங்க ஈமெயில்ல ஆரம்பிச்சு பாஸ்வேர்ட் தர மாட்டேன்னா அந்த இடத்தை விட்டு எந்திரிச்சிருங்க. உங்க பேர்ல தப்பான அனுபவத்தை ஏத்திப் போட்டா மாட்டப் போறது அவங்க இல்ல, பொய்த் தகவல்னு ரிஜெக்ட் ஆனா மூணு வருஷத் தடை உங்களுக்கு தான், கூட அப்ளை பண்ற குடும்பத்துக்கும் சேர்த்து.

கடைசியா பிசிசியும் (போலீஸ் சர்டிபிகேட்) மெடிக்கலும். ஆர்வத்துல இதை முதல்லயே பண்ணிட்டு உட்கார்ந்திருக்கவங்களைப் பார்த்திருக்கேன். ரெண்டும் பொதுவா ஒரு வருஷம் தான் செல்லும், அழைப்பு வந்தப்புறம் விசாவுக்குப் பணம் கட்ட 60 நாள் டைம் இருக்கு, பிசிசி பாஸ்போர்ட் ஆபீஸ்லயே வாங்கிக்கலாம், மெடிக்கல் சென்னையில பேனல் டாக்டர் கிட்ட அப்பாயின்ட்மென்ட் போட்டா முடிஞ்சிரும். வெளிநாட்டுல எங்கயாவது ஒரு வருஷத்துக்கு மேல ஆன்சைட் இருந்திருந்தா அந்த நாட்டு பிசிசிக்கு மட்டும் எப்படி அப்ளை பண்றது, எத்தனை வாரம் ஆகும்னு இப்பவே விசாரிச்சு வெச்சுக்கோங்க, அது தான் 60 நாளுக்குள்ள வராம இழுக்கும்.